தூணில் கட்டிய சேலை

நான் பிறந்த எஸ்டேட் லைன் வீட்டின் வாசலில் ஒரு மரத்தூண் இருந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அதைச் சுற்றி ஒரு தேய்மானம். விரல் வைத்தால் வழுக்கும். வெளியூர்க்காரர்கள் கன்றுக்குட்டி கட்டிய தடம் என்று நினைப்பார்கள். அங்கே கட்டப்பட்டவன் என் தம்பி. அவன் தவழத் தொடங்கிய வருஷம், காபிப் பழம் பறிக்கப் போகும் காலைகளில் அம்மா ஒரு பழைய சேலையை முறுக்கி, ஒரு நுனியைத் தூணிலும் மறு நுனியை அவன் இடுப்பிலும் கட்டுவாள். சேலையின் நீளத்தை முழம் போட்டு வைத்திருந்தாள். வாசற்படி வரைக்கும் போகலாம். அடுப்பு எட்டக்கூடாது. முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி எட்டவே கூடாது. துணைக்கு நான் இருந்தேன். எனக்கு அப்போது ஐந்து வயது.

போன மாதம் என் மகனும் மருமகளும் ஒன்பது மாதப் பேத்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டார்கள். மருமகளுக்குச் சட்டப்படி கிடைத்த 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து, அவளுடைய அம்மா மூன்று மாதம் பார்த்து, இப்போது என் முறை. பிள்ளையோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. மேசை முனைக்கு ஒட்டும் ரப்பர், ப்ளக் துளைக்கு மூடி, அலமாரிக்குக் கொக்கி, வாசலுக்கு மாட்டும் கம்பிக்கதவு. "அத்தை, எதை எங்க மாட்டணும்னு நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷம் பால்வாடியில இருந்தவங்க நீங்க" என்றாள்.

அந்தக் கம்பிக்கதவைக் கையில் வாங்கியதும் தூண்தான் நினைவுக்கு வந்தது. சேர்வராயன் மலையில் தவழும் பிள்ளையைக் காப்பாற்ற யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கத் தோன்றியது. எந்தப் பொருளின் கதையை எடுத்தாலும் அது ஒரு கேள்வியில் போய் நிற்கிறது: அந்த நேரத்தில் பெற்றவள் எங்கே இருந்தாள்?

காப்பு

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். மூன்றாம் மாதம் காப்பு: பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைப்பது. ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலை தூக்கி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, பதின்மூன்றில் வருகை. குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடியதும் இந்த வரிசையில்தான். பிள்ளை நகரத் தொடங்குவதற்கு முன்பே காவல் வந்து நிற்க வேண்டும் என்பதை இந்த வரிசை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது!

வசதி உள்ள வீட்டில் ஐம்படைத்தாலி கட்டினார்கள். திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறு உருவாகச் செய்து கோத்த அந்த அணியைச் சங்கப் பாட்டே பேசுகிறது. எங்கள் லைனில் அரைஞாண் கயிறும், வசம்பு கோத்த வளையலும், கடன் வாங்கியாவது ஒரு ஜோடி சலங்கையும் போட்டார்கள். சலங்கையை அழகுக்கு என்று இன்று நினைக்கிறோம். கூடையும் குடமுமாக நிற்கிறவளுக்கு, கண்ணுக்கு மறைந்த பிள்ளையைக் காதால் பார்க்க அதுதான் வழி. "சத்தம் கேட்டா வேலையப் பாரு, நின்னா ஓடு" என்பாள் என் பாட்டி. மண்ணையோ எறும்பையோ வாயில் போடும் பிள்ளை சத்தம் போடாது.

பிள்ளையைக் கட்டிப் போடுவதும் புதிதில்லை. யசோதை கண்ணனை உரலில் கட்டினாள். அந்தச் சிறு கயிற்றின் பெயரிலேயே மதுரகவியாழ்வார் தம் பிரபந்தத்தைத் தொடங்கினார். யசோதைக்கும் தயிர் கடைகிற வேலை இருந்தது. அவள் பிள்ளை உரலை இழுத்துக்கொண்டு போய் மருத மரங்களைச் சாய்த்தான். என் தம்பியால் தூணை அசைக்க முடியவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். சேலை சுருங்கிக்கொண்டே போகும், நான் அவிழ்த்து மறுபடி நீட்டிவிடுவேன்.

நெருப்பு

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,623 மீட்டர். மார்கழியில் இங்கே நெருப்பில்லாமல் இரவைக் கழிக்க முடியாது. அதனால் இந்த மலையில் தவழும் பிள்ளைக்கு முதல் ஆபத்து அடுப்புதான்.

காபி வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே குடியிருந்தவர்கள் மலையாளிகள். கேரளத்தாருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. மலையை ஆளுகிறவர்கள், மலைக்காரர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான். பால்வாடியில் என்னோடு ஆயாவாக இருந்தவர் நாகலூர்ப் பக்கத்து மலையாளிப் பெண். தன் பாட்டி வீட்டைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. மண்சுவர், புல்கூரை, ஒரே அறை. தரையில் மூன்று கல் வைத்த அடுப்பு, அதைச் சுற்றித்தான் எல்லோருக்கும் படுக்கை. பிள்ளை தவழ்வதும் அங்கேயேதான்.

"அப்புறம் எப்படிக்கா காப்பாத்துனீங்க?" என்று கேட்டேன். "அடுப்புக்கும் புள்ளைக்கும் நடுவுல ஒரு கிழவி உக்காந்திருக்கும்" என்றார். அரிவாள், விதை, மருந்துச் செடி எல்லாம் பரண்மேல். பாலும் தயிரும் உறியில். வாசலுக்குக் குறுக்கே மூங்கில் தட்டி. தரையை அடிக்கடி சாணம் போட்டு மெழுகுவதால் தேளும் பூரானும் ஒளிய விரிசல் இருக்காது. இத்தனை இருந்தும் அவர் முதலில் சொன்னது கிழவியைத்தான். ராகிக்காட்டுக்கும் சாமைக்காட்டுக்கும் அம்மா போனாலும் வீட்டில் ஆள் இருந்தது. தட்டியும் பரணும் உறியும் அந்த ஆளுக்குத் துணை.

தூளி

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். முதலில் பயிரானது கிரேஞ்ச் தோட்டம் என்பார்கள். பின்னால் மலையைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. நிழலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி. சோலையாக இருந்த இடத்தில் மணி அடித்து வேலை தொடங்கியது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பழுத்ததை மட்டும் விரலால் கிள்ளிக் கூடையில் போட வேண்டும். பச்சையைப் பறித்தால் மேஸ்திரி திட்டுவார். அந்த வேலைக்குப் பெண்களின் கை வேண்டியிருந்தது.

கைப்பிள்ளையைத் தோட்டத்துக்கே தூக்கிப் போனார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி அதில் சேலையைத் தொங்கவிட்டால் தூளி. போகிறபோது ஒரு ஆட்டு, வருகிறபோது ஒரு ஆட்டு. ஆறேழு மாதம் வரைக்கும் தூளியைப் போல ஒரு காவல் கிடையாது: பூச்சி ஏறாது, துணி பிள்ளையை அணைத்தபடியே இருக்கும்.

பிள்ளை புரண்டு எழத் தொடங்கினால் அதே தூளி ஆபத்தாகிவிடும். விளிம்பைப் பிடித்து எம்பும், தலைகுப்புற விழும். கீழே விடலாம் என்றால் காபிச் செடியில் முசுறு, தரையில் கவாத்து வெட்டிய கூர்க்குச்சி, சருகுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது. ஆகவே ஏழெட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அந்தப் பிள்ளைக்குத் தோட்டத்திலும் இடமில்லை, வீட்டிலும் ஆளில்லை. லைன் வீட்டில் இருந்தவர்கள் அடிவாரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாட்டிகள் ஊரில் இருந்தார்கள். அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எங்களைப் போல ஐந்து வயது அக்காக்கள் இருந்தார்கள். அக்காவும் இல்லாத வீட்டில் தூண் மட்டும் இருந்தது.

பங்களா

என் பெரியம்மா ஒரு துரை பங்களாவில் ஆயா. அங்கே கூடத்தில் சுவரோடு கட்டிய கணப்பு உண்டு. அதற்கு முன்னால் இரும்புக் கம்பிவலை போட்ட ஒரு தடுப்பு, இருபுறமும் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். குழந்தை தள்ளினாலும் சாயாது. பெரியம்மா அதை அடிக்கடி சொல்வாள்.

இங்கிலாந்தில் கணப்பில் விழுந்து, உடையில் தீப்பற்றி எரிந்த குழந்தைகள் ஏராளம். அதனால் 1908இல் வந்த குழந்தைகள் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் அறையில் தடுப்பில்லாத கணப்பை விட்டுவைத்து, அதனால் பிள்ளை இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ பொறுப்பானவருக்கு அபராதம் என்றது. 1952இல் இன்னொரு சட்டம் வந்து, விற்கும் கணப்புகளிலேயே தடுப்பு இருக்க வேண்டும் என்றது. வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைச் சட்டம் எட்டிப் பார்த்த ஆரம்ப நாட்கள் அவை.

அந்தக் கம்பித் தடுப்பு நல்ல தடுப்பு. அதற்கு முன்னால் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு காவல். அவள் பெற்ற பிள்ளை அந்த நேரத்தில் லைன் வீட்டில் ஏழு வயது அக்காவிடம் இருந்தது. இதைச் சொல்லும்போது பெரியம்மா குரலில் கோபம் இருக்காது. கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு வரும்.

ஐம்பது பெண்கள்

1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் குழந்தைக்குத் துளி அபின் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு ஆலைக்குப் போனார்கள். அங்கே ஆய்வு செய்த மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். அந்தத் தாய்மார்களைக் கொடியவர்கள் என்று சொல்வது சுலபம். சேலையால் கட்டியவளின் மகள் நான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

சுதந்திரத்துக்குப் பிறகு வழி பிறந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதையே தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. வெளிச்சமும் காற்றும் உள்ள அறை வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், பிள்ளை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் பிரிவு சொன்னது. கம்பிவலை, கொக்கி, தட்டி எல்லாவற்றையும்விடப் பெரிய காவல் இந்த நாட்டில் தவழும் பிள்ளைக்குக் கிடைத்தது அந்தப் பிரிவில்தான் என்று நான் நம்புகிறேன். அது ஆளைக் கொடுத்தது, ஆளுக்குச் சம்பளத்தையும் கொடுத்தது.

ஆனால் அங்கேயும் கணக்கு ஐம்பது பெண்கள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு பேர் இல்லை. 1981இல் திருத்தம் வந்து, பெண்கள் ஐம்பது பேர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் போதும் என்று ஆனது. அதற்குள் என் தம்பி வளர்ந்து வேலைக்கே போய்விட்டான்.

சோடா பாட்டில்

அம்மா போட்ட முழக்கணக்கில் ஒன்று விடுபட்டுப் போயிருந்தது. சிம்னி விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை ஒரு சோடா பாட்டிலில் வைத்திருந்தோம். ஒருநாள் அது வழக்கமான மாடத்தில் இல்லாமல் வாசல் ஓரத்தில் இருந்தது. தண்ணீர் போலத் தெரிந்த அதைத் தம்பி எடுத்து வாயில் வைத்தான். நான் பார்த்தபோது இருமிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கி அதைப் புண்ணாக்கும். இதை நான் கற்றுக்கொள்ள இருபது வருஷம் ஆனது. தம்பி எட்டு நாள் காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் கிடந்து பிழைத்தான். அப்பா மறுநாளே தலைக்குமேல் ஒரு பலகை அடித்தார். அம்மா எதுவும் பேசவில்லை, என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

கனடாவில் வின்ட்சர் என்னும் ஊரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரையை விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், 1967இல் அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று என் இருமல் மருந்துக்கு அந்த வகை மூடிதான். அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனிதரைக் கும்பிடுகிறேன்.

பால்வாடி

1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த அலையில்தான் என்னைப் போன்ற மலைப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. என் கையால் சோறு தின்ற பிள்ளைகள் இன்று இந்த மலையில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அதைவிட எனக்கு வேறு சொத்து வேண்டாம்.

ஆனால் மதியச் சோற்றுக்கும் பாட்டுக்கும் கதைக்கும் இரண்டு வயது நிரம்ப வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சத்துமாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம், மாதம் ஒருமுறை எடை பார்ப்போம். தூளியில் அடங்காத, தோட்டத்தில் விட முடியாத அதே பிள்ளை இங்கேயும் பதிவேட்டுக்கு வெளியேதான் நின்றது. பறிப்புக் காலத்தில் இடுப்பில் பிள்ளையோடு வந்து, "டீச்சர், சாயங்காலம் வரைக்கும்" என்று நிற்பவளை எந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவது? ஆயாவும் நானும் ஒத்துக்கொண்டோம்.

சிமெண்டுத் தரை குளிரும் என்று காபிச் சாக்கைப் பிரித்துத் தைத்து விரித்தோம். சமையலறை வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரப் பலகை. நாங்கள் தாண்டிப் போவோம், பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கும். அண்டாவுக்கு மூடியும் மூடிமேல் கல்லும். மலையில் மரவேலை தெரிந்த ஒருவர் சில்வர் ஓக்கில் நடைவண்டி செய்து கொடுத்தார். மூன்று சக்கரம், பிடித்துத் தள்ள ஒரு கட்டை. பட்டினப்பாலை பாடும் சிறுவர் தேருக்கும் மூன்று கால்தான். நடைவண்டிக்குப் பிள்ளை தானாக எழுந்து நின்றால்தான் வேலை. உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் அப்படி இல்லை. நிற்கத் தெரியாத பிள்ளையைப் படிக்கட்டு வரைக்கும் ஓட்டிப் போய்விடும். கனடா 2004இல் அதை விற்கவே தடை போட்டது.

பயிற்சியில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிச் சொன்னார்கள். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கிச் சிறு பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறார். பிள்ளை தொட்டுத்தான் அறியும், ஆகவே அதன் கைக்கு எட்டும் உயரத்தில் தொடத்தக்கதை வை என்பது அவர் பாடம். அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தூணில் கட்டிய பிள்ளைக்கு உயிர் மிஞ்சியது. தொட வேண்டிய உலகம் மட்டும் ஒரு சேலை நீளத்துக்கு அப்பாலேயே இருந்தது. தம்பி தாமதமாகத்தான் நடந்தான். சேலையால்தான் அப்படி ஆனது என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

இந்த மார்கழி

மருமகள் கொண்டுவந்ததில் பெரும்பாலானதை மாட்டிவிட்டேன். கம்பிக்கதவு சமையலறைக்கு. ப்ளக் மூடி எல்லாத் துளைக்கும். குளியலறை வாளி எப்போதும் கவிழ்ந்தே இருக்கிறது. ரிமோட்டிலிருந்து பொத்தான் பேட்டரியை எடுத்துவிட்டேன். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைச் சுட்டுவிடும். கீழ் அலமாரியில் ஒன்றைப் பூட்டாமல், மரக்கரண்டி, கொட்டாங்குச்சி, கிண்ணம் வைத்துப் பேத்திக்கே விட்டேன்.

என் வீட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தோட்டம். இந்த வருஷம் பறிப்புக்கு ஜார்கண்டிலிருந்து நாலைந்து குடும்பம் வந்திருக்கிறது. போன வாரம் வேலியோரம் பூப்பறிக்கப் போனபோது பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பிள்ளை. இடுப்பில் முறுக்கிய துப்பட்டா, மறுநுனி மரத்தில். பத்து மாதம் இருக்கும். மரத்தைச் சுற்றிச் சுற்றி, துப்பட்டா சுருங்கி, மரத்தோடு ஒட்டி நின்றது. அறுபது வருஷம் கழித்து அதே முடிச்சு. 2022இலிருந்து மத்திய அரசு 'பால்னா' என்ற பெயரில், அங்கன்வாடியோடு சேர்த்து ஆறு மாதப் பிள்ளையிலிருந்தே பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்குப் பணம் ஒதுக்குகிறது. இந்த மலையின் ஒவ்வொரு பறிப்புத் தோட்டத்துக்கும் பக்கத்தில், கூடை எடுக்கும் நேரத்துக்கு முன்பே திறக்கும் ஒன்று வேண்டும். ஐம்பது பெண்களுக்கு என்றில்லாமல், ஒரு பெண் இருந்தாலும் வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அது வரும்வரை பிள்ளை காத்திருக்காது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பிள்ளையைக் காட்டி, என் வீட்டைக் காட்டி, கையால் தாலாட்டிக் காட்டினேன். முதல் நாள் தயங்கினாள். மறுநாள் காலை பிள்ளையோடு படியேறி வந்தாள். இப்போது என் கூடத்தில் இரண்டு பேர் தவழ்கிறார்கள், கொட்டாங்குச்சிக்குச் சண்டை போடுகிறார்கள். துப்பட்டாவை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டேன். முறுக்கு நீங்கி விரிந்தபோது நல்ல அகலமான துணியாக இருந்தது. மத்தியானம் இரண்டும் களைத்துத் தூங்கிய பிறகு, அதை இருவர்மேலும் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.